ஆமணக்கு நின்ற வீடுகள்

"பத்தொம்பது பொம்பளப் புள்ளைங்கள எங்கம்மா வுட்டுட்டு வந்த?"

மஜீத் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டபோது செவ்வந்திக்கு முதலில் வந்தது பயமில்லை, ஒரு மாதிரியான நிம்மதி. தப்பு செய்திருப்போம் என்ற சந்தேகம் அவளுக்குப் பிறவியிலேயே உண்டு. வீட்டைப் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். கூட்டல் போட்டால் மேலிருந்து ஒரு தடவை, கீழிருந்து ஒரு தடவை. இப்போது ஒருவர் கணக்கில் கைவைத்துச் சொல்லிவிட்டார். தப்பு இருக்கிறது. இருந்தால் திருத்திக்கொள்ளலாம்.

இரண்டாயிரத்து ஒன்று, மார்ச் இரண்டாம் தேதி. கச்சிராயபாளையத்தில் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்கள் கட்டுக் கட்டாகக் கிடந்தன. வெள்ளிக்கிழமை என்பதால் ஜும்மா தொழுகைக்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் இருந்தார் மேற்பார்வையாளரான மஜீத் சார். கள்ளக்குறிச்சிக்காரர், ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த தலைமையாசிரியர். செவ்வந்தி ஈச்சம்பள்ளம் ஆரம்பப் பள்ளியில் தற்காலிக டீச்சர். இருபத்து மூன்று வயது. ஈச்சம்பள்ளம் அவளுடைய சொந்த ஊரும்கூட, கல்வராயன் மலை இறங்கி முடிகிற இடத்தில், கரும்புக்கும் மரவள்ளிக்கும் நடுவில் நூற்றுப் பதினாறு வீடு. அத்தனை வீட்டையும் இருபது நாளில் அவள்தான் எண்ணி முடித்திருந்தாள்.

"ஆறு வயசுக்குள்ள ஆம்பளப் புள்ள நாப்பத்து மூணு. பொம்பளப் புள்ள இருவத்தி நாலு. இது எப்புடி சரியா வரும்?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேடியப்பன் எட்டிப் பார்த்தான். மேலே கரியாலூர்ப் பக்கம் ஒரு மலைக் கிராமத்தை எண்ணியவன். "எங்களுக்குப் பையன் முப்பத்தொம்போது, பொண்ணு நாப்பத்தொண்ணு சார். வேணும்னா பத்து பேர மலையிலேர்ந்து எறக்கி வுடட்டுமா டீச்சர்? பஸ் கெடைக்காது, நடந்துதான் வருவாங்க."

செவ்வந்தியும் சிரித்துவைத்தாள்.

மஜீத் சார் சிரிக்கவில்லை. பைக்குள்ளிருந்து அட்டை கிழிந்த பழைய புத்தகம் ஒன்றை எடுத்தார். ஒவ்வொரு கணக்கெடுப்பின் ஊர்வாரி எண்ணிக்கைகளையும் எங்கெங்கோ தேடி அதில் எழுதி வைத்திருந்தார். அது அவருக்கு ஒரு பைத்தியம். "பாரு, ஒங்க ஊர்தான். ஐம்பத்தொண்ணுல ஆம்பள நூத்தம்பது, பொம்பள நூத்தம்பத்து மூணு. எழுவத்தொண்ணுல எரநூத்தி நாலு, நூத்தித் தொண்ணூத்தாறு. போன தடவ எரநூத்தி அறுவத்தி ரெண்டு, எரநூத்தி முப்பத்தெட்டு. இப்ப நீ கொண்டாந்தது எரநூத்தி எம்பத்தொம்போது, எரநூத்தி அம்பத்தொண்ணு. போவப் போவ பொம்பளைங்க கம்மியாய்க்கினே வராங்கன்னா, எண்ணுறவங்க வுட்டுக்கினே வராங்கன்னு அர்த்தம். கைக்கொழந்தைய, பேரு வைக்காத பொண்ண சொல்ல மாட்டாங்கம்மா. நாமதான் துருவிக் கேக்கணும். அஞ்சாந் தேதி சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்குது. போ, தேடிக் கண்டுபிடிச்சிட்டு வா."

புதுப் படிவங்கள் கொஞ்சம் கொடுத்தார். மடிக்கக் கூடாது, கட்டத்துக்கு வெளியே போகக் கூடாது என்று நூறாவது முறையாகச் சொன்னார்.

அன்று மாலை டைப்ரைட்டிங் வகுப்பு இருந்தது. வாரம் மூன்று மாலை கள்ளக்குறிச்சி போய் வருவாள். திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தால் நோட்டில் ஒரு பக்கம் எழுதுவது அவள் வழக்கம். அன்றைக்கு எழுதியது நான்கு வரிதான். "என் தவறு. பத்தொன்பது பெண் குழந்தைகள் விடுபட்டுள்ளனர். ஒன்றாம் வகுப்பில் பையன்கள் அதிகமாக இருந்தபோதே யோசித்திருக்க வேண்டும். பெண்களை வீட்டில் நிறுத்திக்கொள்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன்." அப்பா வாங்கித் தந்த பேனாவால் எழுதினாள். கரும்பு வெட்டும் கூட்டத்தோடு தை மாதம் கிளம்பும்போது அப்பா அம்மாசி உளுந்தூர்பேட்டையில் இறங்கி மகளுக்கென்று வாங்கி, ஊர்க்காரர் ஒருவர் கையில் கொடுத்தனுப்பிய பேனா. 'எம் பொண்ணு கவுருமெண்ட்டுக்கே கணக்கு எழுதுது' என்று லாரியில் இருந்தவர்களிடம் எல்லாம் சொன்னாராம்.

சனிக்கிழமை காலை முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தாள். இந்த முறை அவளிடம் இன்னொரு காகிதமும் இருந்தது. போன வருடம் வீடுகளுக்கு எண் போட்டபோது அவள் வரைந்த ஊர் வரைபடத்தின் நகல். அடையாளமாகக் கோயில், குழாய், கிணறு, மரம் எதையாவது குறிக்க வேண்டும் என்பது விதி. வீடுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த தொகுப்பு வீடுகள். என்ன குறிப்பது என்று குழம்பி, பின்பக்கம் நின்ற ஆமணக்குச் செடிகளை எண்ணி எண்ணிக் குறித்துவிட்டாள். மொத்தம் முப்பத்து நாலு. அப்போது மஜீத் சார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது மேப்பா, வெவசாய ஆபீஸ் ரிப்போர்ட்டாம்மா?" என்று கேட்டிருந்தார்.

பன்னிரண்டாம் வீட்டில் அதிர்ஷ்டம் அடித்தது. சேலைத் தூளிக்குள் இருபது நாள் குழந்தை ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. பெண். "பேரு வைக்கல, அதான் சொல்லல டீச்சர்" என்றாள் அதன் அம்மா. செவ்வந்திக்குக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும் போலிருந்தது. இதோ, சார் சொன்னது சரி. இன்னும் பதினெட்டு.

பத்தொன்பதாம் வீட்டில் இன்னொரு குழந்தை அகப்பட்டது. அது பையன்.

முப்பது வீடு முடிந்தபோது பகல் பன்னிரண்டு மணி. வேறு யாரும் அகப்படவில்லை. தூளியைத் தூக்கிப் பார்த்தாள். தாய்வீடு போனவர்களை விசாரித்தாள். ஒவ்வொரு வீட்டிலும் இதற்குமேல் இல்லை என்றார்கள். சொல்லும்போது ஏனோ அவளைப் பார்க்காமல் பின்கதவுப் பக்கம் பார்த்தார்கள்.

முப்பத்தொன்றாம் வீடு ஆயம்மாளுடையது. செவ்வந்திக்கு அத்தை முறை. ஊரில் பாதிப் பேருக்கு அவள் அத்தை, மீதிப் பேருக்கு அவள் வாய்.

"இன்னாடி, மறுபடியும் வந்து நிக்கற? எண்ணின தலை முளைச்சிக்குமா?"

"ஒரு சந்தேகம் அத்தே. பொம்பளப் புள்ளைங்க யாரையாவது வுட்டுட்டனான்னு."

ஆயம்மாள் கடலை உரிப்பதை நிறுத்தினாள். "எம் பேருக்கு நேரா பொண்ணு எத்தினின்னு போட்ட?"

"ஒண்ணு. பூமாலை அக்கா."

"இருக்கறது ஒண்ணு. பொறந்தது எத்தினின்னு கேட்டியா?"

செவ்வந்தி படிவத்தைப் பார்த்தாள். கல்யாணமான ஒவ்வொரு பெண்ணுக்கும் நேரே அந்தக் கட்டங்கள் இருந்தன. இதுவரை உயிருடன் பிறந்த பிள்ளைகள், ஆண் எத்தனை, பெண் எத்தனை. இப்போது உயிருடன் இருக்கும் பிள்ளைகள், ஆண் எத்தனை, பெண் எத்தனை. பயிற்சி நாளில், மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய அவசரத்தில், ரெண்டும் பெரும்பாலும் ஒன்றாகத்தான் வரும் என்று யாரோ சொன்னார்கள். அவள் 'புள்ளைங்க எத்தினி பேரு' என்று ஒரே கேள்வி கேட்டு, ஒரே எண்ணை இரண்டிலும் எழுதியிருந்தாள். பக்கத்தைத் திருப்பினாள். அதிலும் அப்படி. அடுத்ததிலும் அப்படி. நூற்றுப் பதினாறு வீட்டிலும் ஒரு பிள்ளைகூடச் சாகவில்லை என்று தன் அழகான கையெழுத்தில் அவளே எழுதி வைத்திருந்தாள்.

"கேக்கல அத்தே."

"யாருமே கேட்டதில்ல. போன தடவ வந்தவரு வாசல்லயே நின்னு எழுதிக்கினு போய்ட்டாரு." ஆயம்மாள் முகவாயால் பின்பக்கம் காட்டினாள். "பொறந்தது நாலு. எழுதிக்க. மூணு அங்க நிக்குது."

பின்கதவு வழியே மூன்று ஆமணக்குச் செடிகள் தெரிந்தன. வரைபடத்தில் முப்பத்தொன்றாம் எண்ணுக்குப் பின்னால் மூன்று புள்ளிகள் இருந்தன.

"எம் மாமியாளுக்கு அவ மாமியா சொன்னது. பொறந்து தங்காத பொண்ணுக்கு ஒரு கொட்ட ஊணணும். செடி பட்டுப்போனா அதே எடத்துல அதோட கொட்டயவே ஊணணும். அதுலேர்ந்து எண்ண எடுக்க மாட்டோம். புள்ள பெத்தவளுக்குத்தான் இதெல்லாம் சொல்றது. ஒனக்கு எவ சொல்லியிருப்பா, நீ ஆஸ்டல்ல படிச்சவ."

"சீக்கு வந்தா போச்சி அத்தே?"

ஆயம்மாள் கடலையை மறுபடி கையில் எடுத்தாள். "எப்புடிப் போச்சின்னு எழுத கட்டம் இருக்குதா?"

"இல்ல."

"அப்பறம் இன்னாத்துக்குக் கேக்கற?"

அதன் பிறகு செவ்வந்தி கேள்வியை மாற்றினாள். முதல் வீட்டுக்கே திரும்பப் போனாள். பிறந்தது எத்தனை, இருப்பது எத்தனை. கொடுத்திருந்த படிவத்தில் புதிதாக எழுதினாள். ஆயம்மாள் சொல்லிவிட்டாளோ என்னவோ, குழாயடியிலிருந்து பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வீட்டுக்கு வந்து வாசலில் நின்றார்கள். ஆண்கள் இல்லாத நேரம். சிலர் விரலை மட்டும் காட்டினார்கள். ஒருத்தி எண்ணைச் சொல்லிவிட்டு, "போலீசுக்குப் போவுமா?" என்று கேட்டாள். போகாது, யாருக்கும் காட்டக் கூடாது என்பது சட்டம் என்று செவ்வந்தி சொன்னாள். "அப்ப யாரு படிப்பாங்க?" என்றாள் அவள். செவ்வந்தி அடுத்த வீட்டுப் படிவத்தை எடுத்தாள்.

அவளைப் பயமுறுத்தியது பதில்கள் அல்ல. வரைபடம்தான். வாசலில் கால் வைக்கும் முன்பே அது சொல்லிவிடும். நாற்பதாம் வீடு, இரண்டு புள்ளி. உள்ளே ஒருத்தி வாய் திறந்து, "பொறந்தது மூணு, இருக்கறது ஒண்ணு" என்பாள். தான் வரைந்ததை யாரோ முன்பே படித்துவிட்டு இவளிடம் சொல்லிக்கொடுத்தது போலிருக்கும். நாற்பத்து நாலாம் வீட்டுக்காரி மட்டும், "அது சும்மா எண்ணைக்கு வெச்ச செடி" என்றாள். அதுவும் உண்மையாக இருக்கலாம். செவ்வந்தி அப்படியே எழுதிக்கொண்டாள். வெயில் அசையாமல் நின்றது. சந்தில் நடக்கும்போது சுவருக்கு மேலே எட்டிய ஆமணக்கு இலைகள், விரல்களை விரித்துக் கையைத் தூக்குகிற வகுப்புப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. 'உள்ளேன் டீச்சர்' என்று ஒன்று சொல்லிவிடுமோ என்று அவள் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள்.

ஞாயிறு காலை குஞ்சம்மாள் வீட்டில் கணக்கு உதைத்தது. இருபத்தாறு வயது, இரண்டு பையன்கள், டிவி ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் ஆமணக்கு இல்லை. "பொறந்தது ரெண்டு, இருக்கறது ரெண்டு. நான் ராசிக்காரி டீச்சர்" என்று சிரித்தாள். அந்த வரிசையில் இருந்த சின்ன வயசுக்காரிகள் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். செடி இல்லை, சாவு இல்லை. பெண் குழந்தையும் இல்லை.

"அப்ப அந்தப் பொண்ணுங்க எங்கதான் போச்சி?" என்று தன்னையறியாமல் வாய்விட்டுக் கேட்டுவிட்டாள்.

உள்ளேயிருந்து குஞ்சம்மாளின் மாமியார் குரல் கொடுத்தாள். "இந்தக் காலத்துல எவ கொட்ட ஊணறா? டவுனுக்குப் பஸ் ஏறி, வவுத்துல இன்னா புள்ளன்னு படம் புடிச்சிப் பாத்துட்டு வராளுங்க. மறு வாரம் ஒரு நாளு போய்ட்டு வந்து படுத்துக்கறாளுங்க. எங்களுக்காச்சும் செடி இருந்துச்சி."

குஞ்சம்மாளின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுவிட்டது. டிவியின் சத்தத்தைக் கூட்டினாள். பிறகு செவ்வந்தியின் பக்கம் குனிந்து, மாமியாருக்குக் கேட்காத குரலில், "ரெண்டு தடவ" என்றாள். "அத எங்கயாவது போடுவியா டீச்சர்?"

செவ்வந்தி படிவத்தை மேலிருந்து கீழ்வரை தேடினாள். கீழிருந்து மேல்வரையும் தேடினாள்.

"பொறந்தாதான் போட முடியும்."

"செரி வுடு" என்றாள் குஞ்சம்மாள்.

மதியத்துக்குள் நூற்றுப் பதினைந்து வீடு முடிந்துவிட்டது. பாக்கி ஐம்பத்தேழாம் எண். அதைத் தாண்டித் தாண்டித்தான் இரண்டு நாளும் போய் வந்தாள். அவளுடைய சொந்த வீடு. பிப்ரவரியில் பழகிப் பார்க்கட்டும் என்று முதலில் எழுதியது அதைத்தான், யாரையும் ஒன்றும் கேட்காமலே. இருசம்மாள், பெண், பிறந்த பிள்ளைகள் ஆண் ஒன்று, பெண் ஒன்று. தம்பி ராசு, அவள். வரைபடத்தில் ஐம்பத்தேழுக்குப் பின்னால் குளியல் தட்டியை ஒட்டி இரண்டு புள்ளிகள் இருந்தன. சின்ன வயதில் அதன் காய்களைப் பறிக்கப் போனால் அம்மா ஓடிவந்து கையில் அடிப்பாள். 'தொடாத, வெஷம்.' விஷம் என்பது உண்மைதான். அதனால் அவள் வேறெதுவும் கேட்டதில்லை.

கேட்காமல் விட்டுவிடலாம். இருக்கிற எண்ணே இருக்கட்டும், யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்று வாசலில் நின்று நினைத்தாள். பிறகு, ஊரார் வீட்டில் எல்லாம் விரலை நீட்டச் சொன்னோமே என்றும் நினைத்தாள்.

இருசம்மாள் மரவள்ளிக் கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். செவ்வந்தி செருப்பைக் கழற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அட்டையை மடியில் வைத்துப் பேனா மூடியைத் திறந்தாள்.

"யம்மா, ஒனக்குப் பொறந்தது மொத்தம் எத்தினி?"

"நேத்துலேர்ந்து பாத்துக்கினுதான் இருக்கேன். எப்ப இங்க வருவன்னு." இருசம்மாள் கத்தியை நிறுத்தவில்லை. "பையன் ஒண்ணு. பொண்ணு மூணு."

பேனா தாளைத் தொட்டு நின்றது.

"ஒனக்கு முன்ன ஒண்ணு. ஒனக்கு அப்பறம், ராசுக்கு முன்ன ஒண்ணு."

"நான் எப்பிடிம்மா தப்பிச்சேன்?"

"நீ பொறந்தப்ப ஒங்கப்பன் கரும்பு வெட்டப் போயிருந்தாரு. அவரு வராம ஒண்ணும் செய்யக் கூடாதுன்னு எம் மாமியாகிட்ட சொல்லிட்டேன். ஒன்ன மடியில போட்டுக்கினு வாசப்படியிலயே குந்தியிருந்தேன். சோறு அங்கயே, தூக்கம் அங்கயே. அவரு பங்குனி கடைசியில வந்தாரு. ஒனக்கு மூணு மாசம். அவரு மூஞ்சப் பாத்து நீ சிரிச்ச. அவ்ளோதான், தூக்கிக்கினாரு. அன்னியிலேர்ந்து எறக்கி வுடவே இல்ல."

அது உண்மை. திருவிழாவில் தோளில் தூக்கிப் போனவர். ஆறாம் வகுப்புக்கு ஆஸ்டலில் விட்டுவிட்டு கேட்டுக்கு வெளியே நின்று அழுதவர்.

"அப்ப அடுத்தது பொறந்தப்ப?"

கத்தி நின்றது.

"அப்ப ஒங்கப்பன் வூட்டுலதான் இருந்தாரு."

வெளியே யாரோ குடத்தைக் கல்லில் வைக்கும் சத்தம் கேட்டது. இருசம்மாள் எழுந்து, சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, ரேஷன் கார்டு வைக்கிற தகர டப்பாவைத் திறந்தாள். அடியில் துழாவி எதையோ எடுத்து மகளின் கையில் வைத்தாள். ஒரே ஒரு ஆமணக்கு விதை. கருப்பும் பழுப்புமாக வரி ஓடியிருந்தது. பழசாகி மினுப்பு போயிருந்தது.

"ஒனக்குன்னு மாமியா எடுத்து வெச்சது. நீ பொறந்த அன்னிக்கே எடுத்துட்டா. ஊணவும் இல்ல, தூக்கிப் போடவும் மனசு வரல. இருவத்தி மூணு வருசமா இதுக்குள்ளதான் கெடக்குது." மறுபடி உட்கார்ந்து கிழங்கைக் கையில் எடுத்தாள். "எழுதிட்டியா?"

செவ்வந்தி எழுதினாள். பிறந்தவர் பெண் மூன்று. இருப்பவர் பெண் ஒன்று. அப்பா கொடுத்தனுப்பிய அந்தப் பேனாதான். மூன்று என்ற எண் கட்டத்துக்கு வெளியே போகாமல் பார்த்துக்கொண்டாள்.

அஞ்சாம் தேதி சாயங்காலம் மஜீத் சார் படிவங்களைப் புரட்டினார். முதலில் மொத்தத்தைப் பார்த்தார். "பையன் நாப்பத்து நாலு, பொண்ணு இருவத்தஞ்சி. அதே பத்தொம்போதுதானே இடிக்குது? ரெண்டு நாளா இன்னாம்மா தேடின?"

"நான் யாரையும் வுடல சார். ஒரு பையன், ஒரு பொண்ணு தவிர." முதல் படிவத்தைத் திருப்பிக் காட்டினாள். "ஆனா ஒரு தப்பு பண்ணியிருந்தேன். பொறந்த புள்ளைங்க எத்தினின்னு கேக்காமலே எழுதியிருந்தேன். எல்லா வீட்டுக்கும் மறுபடியும் கேட்டு எழுதியிருக்கேன்."

அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு அந்தக் கட்டங்களை மட்டும் பார்த்துக்கொண்டு போனார். பத்துப் பக்கம் மெதுவாகத் திரும்பியது. பிறகு இன்னும் மெதுவாக. ஐம்பத்தேழில் வந்ததும் பெயரைப் பார்த்தார். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. கிழிந்த அட்டைப் புத்தகத்தை எடுத்து ஐம்பத்தொன்றிலிருந்து எழுதியிருந்த எண்களின் மேல் விரலை ஓட்டினார். அதில் இந்த வருடத்தையும் எழுதுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். எழுதாமல் மூடிவிட்டார்.

"ஊர் மொத்தம் எழுதுற சுருக்கத் தாளுல இந்தக் கட்டத்துக்கு எடம் இல்லம்மா" என்றார். "மேல எங்கயாவது கூட்டுவாங்க."

கையெழுத்துப் போட்டார். வேடியப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, செவ்வந்தியின் கட்டுக்குத் தானே சணல் கட்டிக் கொடுத்தான்.

"சார், ஒரு நிமிசம்."

முடிச்சை அவிழ்த்து ஐம்பத்தேழாம் படிவத்தை வெளியே எடுத்தாள். செவ்வந்தி, பெண், இருபத்து மூன்று. வரி இருந்தது. திரும்ப வைத்தாள். கட்டினாள். வாசல் வரைக்கும் போனவள் திரும்பி வந்து மறுபடியும் அவிழ்த்தாள். மூன்றாம் தடவையும் அவிழ்த்துப் பார்த்தாள். ஜீப் காத்துக்கொண்டிருந்தது.

கள்ளக்குறிச்சி பஸ்ஸில் அன்றைக்கும் ஜன்னலோரம் கிடைத்தது. நோட்டைத் திறந்தாள், எழுத வரவில்லை. பங்குனி கடைசியில் அப்பா வருவார். வந்ததும் 'பேனா எப்பிடி எழுதுது?' என்றுதான் கேட்பார். பை மடியில் இருந்தது. பள்ளத்தில் பஸ் இறங்கி ஏறும்போதெல்லாம் பேனா வைக்கிற தகர டப்பாவுக்குள் அம்மா தந்த ஒரே ஒரு விதை உருண்டு, தகரத்தில் தட்டி, நின்று, மறுபடியும் உருண்டது.